பர்மாத் தேக்கும் இரண்டு பேரேடுகளும்

கானாடுகாத்தான் வீட்டு முகப்பில், பர்மாத் தேக்குத் தூணில் சாய்ந்தபடிதான் இந்த வேலையை ஆரம்பித்தேன். மரக் கடத்தலை வணிகப் புள்ளிவிவரத்தில் கண்டுபிடிப்பது, அதுதான் என் முதுகலை ஆய்வு. மியான்மர் காட்டும் ஏற்றுமதியையும், வாங்கிய நாடுகள் காட்டும் இறக்குமதியையும் ஒப்பிட வேண்டும். அப்பச்சியிடம் சொன்னேன். "ரெண்டு கடைப் பேரேட்டையும் ஒத்துப் பாக்குறதுதானே? அங்க பற்றுன்னா இங்க வரவு இருக்கணும்" என்றார். அதேதான்.

நாடுகளின் ஏற்றுமதி இறக்குமதிக் கணக்குகளைத் திரட்டி வைத்திருக்கும் ஐ.நா.வின் காம்டிரேட் தளத்தில் உருட்டு மரத்தின் குறியீடு 4403. இரண்டு பக்கத்தையும் இறக்கிப் பார்த்தால் ஒட்டவே இல்லை. வித்தியாசம் முழுவதும் திருட்டு என்றே எழுதிவிட்டேன். வழிகாட்டி அப்படியே திருப்பி அனுப்பினார்.

அப்புறம்தான் அந்த வித்தியாசத்தை ஒவ்வொரு காரணமாக உரிக்கத் தொடங்கினேன். இறக்குமதி மதிப்பில் கப்பல் கூலியும் காப்பீடும் சேர்ந்திருக்கும், ஏற்றுமதி மதிப்பில் இருக்காது. ஆகவே இறக்குமதி கொஞ்சம் கூடுதலாக இருப்பதே இயல்பு. மாறாக அது குறைந்திருந்தால், விலையைக் குறைத்துக் காட்டிச் சுங்க வரி ஏய்த்தார்களா என்று பார்க்கலாம். பொருளாதார அறிஞர் ஜகதீஷ் பகவதி 1964-லேயே துருக்கியின் கணக்கில் இதைக் காட்டினார். டிசம்பரில் ஏற்றிய மரம் ஜனவரியில் இறங்கினால் வருடமே மாறிவிடும். எனக்குப் பெரிய தலைவலி சிங்கப்பூர். மரம் அந்த வழியாகப் போனால் ஏற்றியவர் போகும் இடம் சிங்கப்பூர் என்று எழுதியிருப்பார், கடைசியில் இறக்கியவர் மரம் விளைந்த நாடு மியான்மர் என்று எழுதுவார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை, கணக்கு மட்டும் இடிக்கும். டாலரை விட்டுவிட்டுக் கன மீட்டரில் ஒப்பிட்ட பிறகுதான் எனக்கே நம்பிக்கை வந்தது.

இதையெல்லாம் கழித்தும் மிஞ்சுவதுதான் பேசும். மியான்மர் 2014 ஏப்ரல் 1 முதல் உருட்டு மர ஏற்றுமதியைத் தடை செய்தது. சீனாவின் இறக்குமதிக் கணக்கிலோ அதற்குப் பிறகும் மியான்மர் உருட்டு மரம் இருக்கிறது. சீனாவின் யுன்னான் மாகாண எல்லை வழியாக லாரியில் போன மரம் அது. விற்ற பக்கத்தில் மறைத்ததை வாங்கிய பக்கத்துச் சுங்கம் எழுதி வைத்திருக்கிறது! அப்பச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த வரிசைகளை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார்.

இப்போது 4407-ஐப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அது அறுத்த மரம். உருட்டு மரத்தை அந்தக் குறியீட்டில் எழுதித் தள்ளியிருந்தால், இங்கேயும் ஒரு பக்கம் வீங்கியிருக்க வேண்டும்.