கால்குலேட்டருக்குள் ஒரு சீட்டுக்கட்டு

மார்ச் 9, சனி, பிளேனோ

எட்டு வரி, வரிக்குப் பதினாறு எழுத்து. டிஐ-84 பிளஸ் கால்குலேட்டரின் திரையில் எழுத இவ்வளவுதான் இடம். புள்ளிக் கணக்கில் 96-க்கு 64. இதற்குள் யாரோ ஒரு மாணவர் முழு பிளாக்ஜாக் ஆட்டத்தையும் எழுதியிருக்கிறார். சீட்டுகளின் கூட்டுத்தொகையில் 21-ஐத் தாண்டாமல், சீட்டுப் போடும் டீலரை முந்த வேண்டிய ஆட்டம் அது. மகளுக்கு அவள் தோழி கேபிள் போட்டு ஏற்றிக் கொடுத்தாள். மேல் வரியில் டீலரின் சீட்டு, நடுவில் நம்முடையது, கடைசி வரியில் கையில் மிச்சமிருக்கும் பணம். 1-ஐ அழுத்தினால் இன்னொரு சீட்டு, 2-ஐ அழுத்தினால் போதும் என்று நின்றுவிடலாம். 21-ஐத் தாண்டினால் போச்சு. டீலர் 17 வரும்வரை எடுத்தே ஆக வேண்டும்.

"இது சூதாட்டம்தானே அம்மா?" என்று கேட்டாள். காசு வைத்தால் சூதாட்டம், இங்கே இது நிகழ்தகவுப் பாடம் என்றேன். அப்படித்தான் நினைக்கிறேன். உண்மையான மேஜை வேண்டுமென்றால் இங்கிருந்து வடக்கே ரெட் ரிவரைத் தாண்டி ஓக்லஹோமாவுக்குப் போகிறார்கள். எல்லையைக் கடந்ததுமே வின்ஸ்டார் காசினோ வந்துவிடும். எங்களுக்கு இந்தச் சின்னத் திரையே போதும்.

மார்ச் 10, ஞாயிறு

புரோகிராமைத் திறந்து வரி வரியாகப் படித்தோம். மொழி டிஐ-பேசிக். மாறிகளுக்கு ஒற்றை எழுத்துப் பெயர்தான். சீட்டு எடுக்கும் இடத்தில் ஒரே கட்டளை: ராண்ட்இன்ட், 1 முதல் 13 வரை ஏதாவது ஓர் எண்.

அப்படியானால் இங்கே சீட்டுக்கட்டே இல்லை. ஒவ்வொரு தடவையும் புதிதாக ஓர் எண். முன்னால் என்ன வந்தது என்று அதற்குத் தெரியாது. நான்கு ஏஸ் வந்துபோன பிறகு ஐந்தாவது ஏஸ் வரவும் தடையில்லை.

கணக்குப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். முதல் இரண்டு சீட்டிலேயே 21 வந்தால் அதற்கும் பிளாக்ஜாக் என்றே பெயர். அது விழ ஓர் ஏஸும் ஒரு பத்தும் வேண்டும். ஏஸை 1 என்றோ 11 என்றோ எண்ணிக்கொள்ளலாம். பத்து, ஜாக்கி, ராணி, ராஜா எல்லாமே பத்துதான். புதுக் கட்டு என்றால் இரண்டு சீட்டு வரக்கூடிய 2652 வழிகளில் 128, அதாவது 4.83 சதவீதம். இந்தப் புரோகிராமில் 169-ல் 8, அதாவது 4.73. "இவ்வளவுதானா வித்தியாசம்?" என்றாள். கட்டின் ஆரம்பத்தில் இவ்வளவுதான். நான்கு ஏஸும் போன பிறகு நிஜக் கட்டில் அது பூஜ்யம். புரோகிராமில் அப்போதும் அதே 4.73. பிளாக்ஜாக்கின் உயிரே இங்கேதான் இருக்கிறது என்பது என் கட்சி.

மார்ச் 12, செவ்வாய்

நிஜக் கட்டு செய்தாயிற்று. வழி எனக்கு ரொம்பவே பிடித்திருக்கிறது. முதல் பட்டியலில் 52 தசம எண்களை இஷ்டத்துக்குப் போடச் சொல்கிறோம். இரண்டாவதில் 1 முதல் 52 வரை வரிசையாக. பிறகு முதல் பட்டியலைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கச் சொல்லி, இரண்டாவதையும் கூடவே நகர்த்தச் சொல்கிறோம். முதல் பட்டியல் ஒழுங்காகிறது, இரண்டாவது கலைந்துவிடுகிறது. சீட்டைக் கலைத்துப் போட்டாயிற்று! என்டரைத் தட்டியதும் திரையின் வலது மூலையில் சின்னக் கோடு ஒன்று ஓடும். அது நின்றால் கட்டு தயார்.

ஒவ்வொரு எண்ணையும் 13-ஆல் வகுத்து மீதியைப் பார்த்தால் எந்தச் சீட்டு என்று தெரியும். மீதி 0 என்றால் ராஜா.

மார்ச் 13, புதன்

ஏஸ் 1-ஆ 11-ஆ என்பதை மகள் தனியாகவே தீர்த்தாள். எப்போதும் 1 என்றே கூட்டு. கையில் ஏஸ் இருந்து, மொத்தம் 11-ஐத் தாண்டாமல் இருந்தால் 10 சேர். இரண்டு ஏஸ் வந்தாலும் சரியாக 12 வருகிறது.

மார்ச் 16, சனி

இன்று கதை நாள். 1950-களில் மேரிலாந்தின் அபெர்டீன் ராணுவத் தளத்தில் பால்ட்வின், கேன்டி, மைசெல், மெக்டெர்மாட் என்று நான்கு பேர் மேஜைக் கால்குலேட்டர்களை வைத்துக்கொண்டு பிளாக்ஜாக்கின் ஒவ்வொரு கைக்கும் எது நல்ல முடிவு என்று கணக்கிட்டார்கள். 1956-ல் அமெரிக்கப் புள்ளியியல் சங்கத்தின் இதழில் அதை வெளியிட்டார்கள். அந்தக் கட்டுரையைப் படித்த எட்வர்ட் தார்ப் என்ற கணிதக்காரர் எம்ஐடியின் ஐபிஎம் 704 கணினியைப் பயன்படுத்தி, போன சீட்டுகளை மறக்காமல் ஆடினால் என்ன ஆகும் என்று பார்த்தார். நான்கு 5-களும் போய்விட்ட கட்டில் ஆட்டம் டீலரை விட்டு ஆடுபவர் பக்கம் சாய்ந்தது. கட்டுக்கு நினைவு இருப்பதால்தான் இது நடக்கிறது. ராண்ட்இன்ட் போட்ட புரோகிராமில் தார்ப்புக்கு வேலையே இல்லை.

அந்த நால்வரும் உட்கார்ந்து தட்டிய யந்திரங்களைவிட மகள் கையில் இருப்பது எத்தனையோ மடங்கு வேகம். ஆனால் இதைக் காசினோ மேஜைக்குக் கொண்டுபோக முடியாது. கணக்குப் போட்டு உதவும் கருவி எதையும் ஆட்டத்தில் பயன்படுத்துவதை நெவாடா மாநிலம் 1985-லேயே குற்றமாக்கிவிட்டது.

மார்ச் 23, சனி

கையில் 16, டீலர் காட்டுவது 10. எடுப்பதா, நிற்பதா?

மகள் நிற்கிறாள். 6 முதல் ராஜா வரை எது வந்தாலும் போச்சு, அதாவது 13-ல் 8 பங்கு. கேட்டால் நியாயமாகத்தான் படும். ஆனால் நின்றால் டீலர் 21-ஐத் தாண்டினால் மட்டுமே நமக்குப் பணம். 10 காட்டும் டீலர் அப்படி அடிக்கடி தாண்டுவதில்லை. நின்றாலும் நஷ்டம், எடுத்தாலும் நஷ்டம், எடுப்பது ஒரு துளி குறைந்த நஷ்டம். வெற்றி தரும் வழி இல்லாத இடத்தில் இரண்டு நஷ்டங்களை எடைபோட வேண்டும் என்பது அவளுக்குப் புதிது. வெகுநேரம் வாதாடினாள். நானும் விடவில்லை.

ஏப்ரல் 27, சனி

மாநிலத் தேர்வு முடிந்தது. தேர்வுக்காகக் கால்குலேட்டர்களின் நினைவகத்தை அழித்துவிட்டார்கள். கம்ப்யூட்டரில் வைத்திருந்த பிரதியை இன்று இவளுடையதிலும் தோழியுடையதிலும் ஏற்றினோம். இருவரும் ஒன்றாக என்டரைத் தட்டினார்கள். இரண்டு திரையிலும் ஒரே சீட்டுகள்! அடுத்த கையும் அப்படியே, அதற்கடுத்ததும்.

காரணம் இதுதான். இந்த யந்திரம் உண்மையில் எண்களைக் குலுக்கிப் போடுவதில்லை. விதை எண் ஒன்றிலிருந்து சூத்திரப்படி வரிசையாக எண்களை வரவழைக்கிறது. பியர் லெகுயர் என்ற ஆய்வாளர் 1988-ல் கொடுத்த சூத்திரம். நினைவகத்தை அழித்தால் விதை 0-க்குத் திரும்பிவிடும். அங்கிருந்து முதலில் வருவது .9435974025, அழித்த எந்த டிஐ-84 பிளஸிலும் இதேதான். தோழி நம்பவில்லை. மறுபடி அழித்துப் பார்த்தோம், அதே பத்து இலக்கம்.

மாற்றுவது எளிது. உள்ளே கடிகாரம் இருக்கிறது. அதன் விநாடிக் கணக்கை விதையாகக் கொடுக்கும் ஒரு வரியைச் சேர்த்ததும் இரண்டும் வேறு வேறு சீட்டுப் போட ஆரம்பித்தன. ஆனால் மகள் பழையதையும் விடாமல் மெனுவில் ஒரு தேர்வாக வைத்திருக்கிறாள். விதையாக ஓர் எண்ணைத் தட்டினால் இருவருக்கும் ஒரே கட்டு. ஒருத்தி 16-ல் நிற்பாள், மற்றவள் எடுப்பாள். சீட்டு ஒன்றுதான் என்பதால் அதிர்ஷ்டத்தின்மேல் பழி போட வழியில்லை. இப்போதைக்கு நிற்பவள் 40 டாலர் முன்னால் இருக்கிறாள். இன்னும் நிறைய கட்டுகள் ஆடிப் பார்க்க வேண்டும் என்று எடுப்பவள் சொல்கிறாள். அவள் சொல்வதுதான் சரி.