எட்டு மில்லி எங்கே போச்சு?

போன வருஷம் மே மாதம், வேலூரிலிருந்து சென்னைக்குப் போகும் வழியில், வாலாஜா டோலைத் தாண்டியதும் பானெட்டுக்குள் கிறீச்சென்று ஒரு சத்தம். பெல்ட் தீயும் வாடை. ஏசியை அணைத்ததும் சத்தம் நின்றது. ஏசி கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசர் இறுகிப்போன கதை அப்புறம்தான் தெரிந்தது. மாமியாரும் நானும் ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு பூந்தமல்லி வரை போய்ச் சேர்ந்தோம்.

தப்பில் எனக்கும் பங்கு உண்டு. மூன்று கோடையாக ஒரே கடையில் ‘கேஸ் இறங்கிடுச்சு’ என்று சொல்லி ஏற்றி அனுப்பினார்கள். நானும் காசு கொடுத்துவிட்டு வந்தேன். கார் ஏசி மூடிய வட்டம். கேஸ் குறைகிறது என்றால் எங்கோ ஒழுகுகிறது. கேஸ் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் போகிற போக்கில் கம்ப்ரசர் எண்ணெயையும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டு போகும். என் காரில், கேஸின் சூட்டை வெளியே தள்ளும் கண்டன்சரின் கீழ் மூலையில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குப் பிசுபிசுவென்று புழுதி அப்பிக் கிடந்தது. அதுதான் ஓட்டை. கேஸ் மூன்று முறை உள்ளே போனது. எண்ணெய் ஒரு முறைகூடப் போகவில்லை.

இந்த முறை காட்பாடிப் பக்கம் ஒரு ஏசி தம்பியிடம் கொண்டுபோனேன். பழைய கம்ப்ரசரைக் கழற்றிக் கவிழ்த்தார். நான் இருபது வருஷமாக மருந்துக் கடை நடத்துகிறவள். எதையும் அளக்காமல் விட மனசு வராது. பையில் 100 மில்லி அளவுக் குடுவை இருந்தது. சரியாக 18 மில்லி வந்தது. கறுப்பு நிறம், வெயிலில் சாய்த்தால் வெள்ளிப் பொடி போல மினுமினுப்பு. உள்ளே அலுமினியம் தேய்ந்து கலந்திருக்கிறது.

பொடி வந்துவிட்டால் கம்ப்ரசரை மட்டும் மாற்றிப் பிரயோஜனம் இல்லை. அந்தத் துகள் வட்டம் முழுக்கச் சுற்றி, புதுக் கம்ப்ரசரையும் தின்றுவிடும். கண்டன்சர், ஈரத்தை உறிஞ்சும் டிரையர், கேஸின் அழுத்தத்தை இறக்கும் எக்ஸ்பான்ஷன் வால்வு மூன்றும் புதிது என்று முடிவானது. இந்தக் காலத்துக் கண்டன்சரின் குழாய்கள் தலைமுடி போல மெல்லிசு, கழுவினாலும் சுத்தமாகாது என்றார் தம்பி. உள்ளே காற்றைக் குளிரவைக்கும் எவாப்பரேட்டரையும் குழாய்களையும் கழுவி, நைட்ரஜன் விட்டு ஊதினார். அந்த வேலையில் அவர் சூரர்.

எண்ணெய் விஷயத்தில்தான் எங்களுக்குள் தகராறு. முதலில் அவர் எடுத்தது, வாயில் துணி அடைத்த ஒரு அரை டப்பா. நான் மூடச் சொன்னேன். கம்ப்ரசருக்கு ஊற்றும் பிஏஜி என்ற வகை எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். திறந்து வைத்த ஓஆர்எஸ் பொடி கட்டியாகிவிடும், இந்த எண்ணெயோ பார்க்க அப்படியே இருக்கும், அதனால் இன்னும் மோசம். வேக்குவம் பம்ப் போட்டால் குழாயில் உள்ள ஈரம் ஆவியாகி வெளியேறும். எண்ணெய்க்குள் கலந்த ஈரம் அவ்வளவு எளிதில் வராது. உள்ளே இருந்து சூட்டில் அமிலத்தை உண்டாக்கி அரிக்கும். சீல் பிரிக்காத சின்ன டப்பாவாக வாங்கிவரச் சொன்னேன்.

அப்புறம் நம்பர். அவர் கொண்டுவந்தது பிஏஜி 100. என் காரின் ஸ்டிக்கரில் இருந்தது பிஏஜி 46. ‘ரெண்டும் பிஏஜிதானே அக்கா’ என்றார். குழந்தைக்கான பாரசிட்டமால் சிரப்பிலும் 120 இருக்கிறது, 250 இருக்கிறது, ரெண்டும் பாரசிட்டமால்தான் என்றேன். சிரித்துக்கொண்டே போய் மாற்றி வந்தார். அந்த எண் 40 டிகிரியில் எண்ணெயின் பிசுபிசுப்பைக் குறிக்கிறது. கெட்டியானது ஒரு கம்ப்ரசருக்குத் தேவைப்படும், இன்னொன்றில் இண்டு இடுக்குகளுக்குள் போய்ச் சேராது. மின்சாரக் கார்களில் பெரும்பாலும் பிஓஇ என்று வேறு வகை எண்ணெய், ஏனென்றால் அங்கே மோட்டார் சுருள் எண்ணெயிலேயே நனைகிறது. பிஏஜி மின்சாரத்தைக் கடத்தும். உங்கள் வண்டி அந்த வகை என்றால் விவரம் தெரிந்தவரிடம் மட்டும் விடுங்கள்.

கடைசியாக அளவு. புதுக் கம்ப்ரசர் பெட்டியில், உள்ளே 100 மில்லி எண்ணெய் உண்டு என்று எழுதியிருந்தது. மேனுவலில் என் காரின் மொத்த வட்டத்துக்கும் 100 மில்லிதான். தம்பி புது டப்பாவைத் திறந்து, கண்டன்சர் மாற்றியதற்கு 30 மில்லி, டிரையருக்கு 10 மில்லி மேலே ஊற்றணும் என்று கணக்குப் போட்டார். ஓடுகிற ஏசியில் கண்டன்சரை மட்டும் மாற்றினால் அந்தக் கணக்கு சரி, அதிலே போனதை ஈடுகட்டுகிறோம். இங்கே எல்லாம் காலி, முழு அளவும் கம்ப்ரசருக்குள் ஏற்கெனவே இருக்கிறது. மேலே 40 ஊற்றினால் குழாய்ச் சுவரில் எண்ணெய்ப் படலம் ஒட்டி, சூடு வெளியேறாது. குளிர்ச்சி குறையும், அழுத்தம் ஏறும். கேஸை மட்டும் தராசில் வைத்து 430 கிராம் என்று எடை போடுகிறார், எண்ணெய்க்குக் கண் அளவா?

‘சரி, அளந்தே பாத்துடலாம்’ என்று புதுக் கம்ப்ரசரையும் கவிழ்த்தோம். சில கம்ப்ரசர் காலியாகவே வருமாம், சிலது பாதியோடு வருமாம், அதனால் பெட்டியை மட்டும் நம்பக் கூடாது என்பது அவர் அனுபவம். அதில் அவர் சொன்னதுதான் சரி. கால் மணி நேரம் சொட்டியது. குடுவையை மேசையில் வைத்துக் குனிந்து கண் மட்டத்தில் பார்த்தேன். 92.

‘எட்டு மில்லி எங்கே போச்சு?’ என்று டப்பாவைத் தூக்கினார். எங்கேயும் போகவில்லை. இருமல் மருந்து பாட்டிலை எவ்வளவு கவிழ்த்தாலும் சுவரில் ஒட்டிக்கொண்டு ஒரு ஸ்பூன் நிற்கும் இல்லையா, அதுதான். வந்த 92ஐயே திரும்ப ஊற்றச் சொன்னேன். பாதியைக் கம்ப்ரசரில் விட்டு, மீதியைக் கண்டன்சரின் வாயிலும் டிரையரிலும் பிரித்து விட்டார். பொருத்திய பிறகு பெல்ட் மாட்டாமல் கையாலேயே பத்து சுற்றுச் சுற்றினார், எண்ணெய் ஒரே இடத்தில் தேங்கி முதல் அடியிலேயே முட்டாமல் இருக்க. முக்கால் மணி நேரம் வேக்குவம், அழுத்தமானியின் ஊசி அசையவில்லை, ஒழுக்கு இல்லை. பிறகு கேஸ்.

இன்சுலின் ஃபிரிட்ஜில் வைக்கும் தெர்மாமீட்டரை நடு வென்ட்டில் செருகி வேலூர் கிரீன் சர்க்கிள் வரை போய் வந்தேன். வெளியே 39, வென்ட்டில் 9.

குடுவையைத் தம்பியிடமே விட்டுவிட்டேன். பிஏஜி பட்டதை மறுபடி மருந்துக் கடைக்குள் கொண்டுபோக முடியாது. போன வாரம் வேறு வேலையாகப் போனபோது பார்த்தேன், ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார், 92க்கு நேராக மார்க்கரில் ஒரு கோடு.