பைக்குள் எந்தக் கத்தி?

மரக்கறித் தோட்டம் செய்யும் தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணே, பொத்தானை அழுத்தினா விரியிற கத்தி ஒண்டு வாங்கவா?"

பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங்குக்குச் சேறும் தூசியும் ஆகாது. நுவரெலியாவில் சேற்றுக்கா பஞ்சம்? சோதனைச் சாவடியில் விளக்கம் சொல்லும் தலைவலி வேறு.

கையால் விரிக்கும் மடக்குக் கத்தியே போதும். விரித்த அலகு பூட்டிக்கொள்ள வேண்டும், அதுதான் முக்கியம். ஓப்பினல் என்ற பிரெஞ்சு மடக்குக் கத்தியில் 1955இல் வந்த வளையப் பூட்டு (வளையத்தைத் திருப்பினால் அலகு பூட்டிக்கொள்ளும்) அருமையானது. ஆனால் மரப்பிடி, மழையில் ஊறி வீங்கினால் விரிக்கப் படாத பாடு. கார்பன் எஃகும் நம் ஈரத்துக்குத் துருப்பிடித்துவிடும்.

துருப்பிடிக்காத எஃகு, பிளாஸ்டிக் பிடி, மூன்று அங்குல அலகு. உர மூட்டை நூலுக்கும் லீக்ஸ் கட்டுக்கும் அது தாராளம். டவுனுக்குப் போகும்போது மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்க, தம்பி.