கம்பைல் ஆன பிறகுதான் வேலை

மண்டபம் முதல் தங்கச்சிமடம் வரை உள்ள ஐஸ் கம்பெனிகளுக்கும் மீன் கம்பெனிகளுக்கும் கணினி பராமரித்துத் தருவது என் பிழைப்பு. உப்புக் காற்றுக்கு முதலில் பலியாகிறவை, நெட்வொர்க் கேபிளைச் செருகும் லேன் போர்ட்டுகள்தான். அவற்றின் உலோக முனைகளில் பச்சை பூத்துவிட்டால் இணைப்பு விட்டுவிட்டு வரும், பிறகு வராமலே போகும். ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கும் 61 நாள் தடைக்காலத்தில், படகுகளுக்கு நடப்பதைப் போலவே இந்த அலுவலகக் கணினிகளுக்கும் பழுதுபார்ப்பு நடக்கிறது.

அப்படியொரு தடைக்காலத்தில், பாம்பனில் ஓர் ஐஸ் கம்பெனியின் பில் போடும் கணினிக்குப் புதிய லேன் கார்டு பொருத்த வேண்டியிருந்தது. அதில் உபுண்டு 20.04 என்ற லினக்ஸ் இயங்குதளம் ஓடிக்கொண்டிருந்தது; அதன் மையப் பகுதியான கெர்னலின் பதிப்பு 5.4. மதர்போர்டில் உள்ள போர்ட் கேமராப் பெட்டிக்குப் போய்விட்டதாலும், இணையத்துக்கென இருந்த தனிக் கார்டு துருவேறிப் போனதாலும், மதுரையிலிருந்து ரியல்டெக் ஆர்டிஎல் 8125பி சிப் உள்ள கார்டு ஒன்றை வரவழைத்திருந்தார்கள். பொருத்தியதும் விளக்கு எரிந்தது. உபுண்டுவின் நெட்வொர்க் பட்டியலில் மட்டும் அது இடம்பெறவில்லை.

இந்த இடத்தில் பலரும் உடனே டிரைவரை, அதாவது கார்டை இயக்கும் மென்பொருளை, தேடி இறக்கத் தொடங்குகிறார்கள். அதற்கு முன்பு, பொருத்திய கார்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளை என்ன காட்டுகிறது, கெர்னலின் செய்திப் பதிவு என்ன சொல்கிறது என்ற இரண்டையும் பார்த்துவிடுவது என் வழக்கம். கார்டு அந்தப் பட்டியலில் ஒழுங்காக இருந்தது. கெர்னலோடு வரும் ஆர்8169 டிரைவர் அதை எடுத்து, சிப்பின் அடையாளத்தைப் படித்துப் பார்த்து, தனக்குத் தெரியாத சிப் என்று பதிந்துவிட்டு விலகியிருந்தது. 8125 வரிசைக்கான ஆதரவு 5.4 கெர்னலில் சேர்ந்தாலும், அதன் பி வகைக்கான ஆதரவு 5.9-இல்தான் வந்தது. கார்டிலும் குறையில்லை, கேபிளிலும் குறையில்லை என்பது இந்த ஒரு வரியிலிருந்தே தெளிவாகிவிட்டது.

புதிய கெர்னலுக்கு மாறியிருந்தால் சிக்கல் அங்கேயே தீர்ந்திருக்கும். ஆனால் எடைத் தராசை இணைக்கும் மென்பொருளைத் தந்தவர்கள், 5.4 தவிர வேறு கெர்னலில் ஓடினால் தாங்கள் பொறுப்பில்லை என்று கைவிரித்துவிட்டார்கள். மீன் எடை தவறினால் கடைசியில் வாசலில் வந்து நிற்பவர்கள் படகுக்காரர்கள் என்பதால், நானும் வற்புறுத்தவில்லை. ரியல்டெக் தரும் ஆர்8125 டிரைவரின் மூலநிரலைக் கம்பைல் செய்வதுதான், அதாவது கெர்னல் ஏற்கும் வடிவத்துக்கு மாற்றுவதுதான், மிச்சமிருந்த வழி.

நெட்வொர்க் டிரைவரைக் கம்பைல் செய்ய, கெர்னலின் உள்ளமைப்பை விவரிக்கும் ஹெட்டர் கோப்புகளின் தொகுப்பு வேண்டும். அதை இறக்க நெட்வொர்க் வேண்டும். ஆண்ட்ராய்டு கைபேசியை யூஎஸ்பி கம்பியில் இணைத்து டெதரிங் போட்டுவிட்டால் லினக்ஸ் அதைத் தனி நெட்வொர்க் கார்டாகவே எடுத்துக்கொள்ளும் என்பதால், இந்த முட்டுச்சந்தைத் தாண்டுவது எளிது. கவனிக்க வேண்டியது ஹெட்டரின் பதிப்பு. ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலின் முழுப் பதிப்பு எண்ணோடு அது கடைசி இலக்கம்வரை பொருந்த வேண்டும்; பொருந்தவில்லை என்றால், வேண்டிய கோப்புகள் இருக்க வேண்டிய இடத்தில் கிடைக்காது, கம்பைல் செய்யும் மேக் கட்டளை முதல் அடியிலேயே நின்றுவிடும். அது நின்றுபோகும்போது திரையின் கடைசி வரியில் தெரியும் பிழை எண்ணால் பயனில்லை. மேலே உருட்டிச் சென்று முதல் பிழையைத்தான் படிக்க வேண்டும்.

கம்பைல் முடிந்தும், அதில் கிடைத்த மாட்யூலை, அதாவது கெர்னலில் செருகும் டிரைவர் கோப்பை, கெர்னல் ஏற்க மறுத்தது. நம்பகமான கையொப்பம் உள்ள நிரல்களை மட்டும் அனுமதிக்கும் செக்யூர் பூட் அந்தக் கணினியில் இயங்கிக்கொண்டிருந்ததால், கையொப்பமிடாத மாட்யூலுக்கு இடமில்லை. செக்யூர் பூட்டை அணைத்துவிடு என்ற அறிவுரைதான் எங்கும் கிடைக்கும். பில்லும் கணக்கும் இருக்கும் கணினியில் எனக்கு அது உடன்பாடில்லை. ஆகவே சாவி ஒன்றை உருவாக்கி, மாட்யூலில் அதைக் கொண்டு கையொப்பமிட்டு, மறுதொடக்கத்தின்போது வரும் நீலத் திரையில் அந்தச் சாவியைப் பதிய முனைந்தேன். அந்தத் திரை பத்து விநாடிதான் காத்திருக்கும். அங்கிருந்த பழைய மானிட்டரோ விழித்துக்கொள்வதற்குள் அந்த நேரத்தைத் தின்றுவிடும். கணக்குப் பார்க்கும் பெரியவர், "நான் ஸ்பேஸ் பாரைத் தட்டிக்கிட்டே இருக்கேன் தம்பி, நீங்க திரையைப் பாருங்க" என்றார். அவர் சொன்னபடியே செய்தோம். சாவி பதிந்தது, கார்டும் இயங்கியது.

இத்தோடு எழுந்து போகலாம் என்று தோன்றும். ஆனால் மாட்யூல் அந்த ஒரு கெர்னல் பதிப்புக்கு மட்டுமே உரியது. தானியங்கிப் பாதுகாப்புப் புதுப்பித்தலில் கெர்னலின் கடைசி இலக்கம் மாறினாலும், அடுத்த முறை கணினியை இயக்கும்போது இணையம் இருக்காது. அது படகுகள் கரை சேர்ந்து ஐஸ் ஏற்றும் விடியற்காலையாகவும் இருக்கலாம். டெல் நிறுவனத்தில் உருவான டிகேஎம்எஸ் ஏற்பாட்டில் மூலநிரலைப் பதிந்துவைத்தால், ஒவ்வொரு புதிய கெர்னலுக்கும் அதுவே கம்பைல் செய்து, அதே சாவியால் கையொப்பமும் இட்டுவிடும். அப்படித்தான் விட்டுவந்தேன், முழு நிம்மதியோடு அல்ல. கெர்னலுக்குள் இருக்கும் இடைமுகங்கள் நிலையாக இருக்கும் என்ற உறுதிமொழியை லினக்ஸ் ஒருபோதும் தருவதில்லை. அது வேண்டுமென்றே எடுத்த முடிவு என்பதைக் கெர்னல் பராமரிப்பாளர்களில் ஒருவரான கிரெக் குரோவா-ஹார்ட்மன் கெர்னல் ஆவணத்திலேயே விளக்கியிருக்கிறார். 6.1 கெர்னலில் நெட்வொர்க் டிரைவர்கள் அழைக்கும் ஒரு செயற்கூறிலிருந்து ஓர் உள்ளீட்டை எடுத்துவிட்டார்கள். அதை அறியாத பழைய மூலநிரல்கள் அதோடு கம்பைல் ஆகாமல் நின்றன. கெர்னலுக்குள்ளேயே இருக்கும் டிரைவர்களை, மாற்றத்தைச் செய்கிறவர்களே சேர்த்துத் திருத்திவிடுகிறார்கள். வெளியிலிருந்து கொண்டுவந்த டிரைவருக்கு அந்தப் பொறுப்பு என்னைப் போன்றவர்கள் தலையில் விழுகிறது.

பின்னொரு தடைக்காலத்தில் தராசு மென்பொருளின் புதிய பதிப்பு வந்ததும், உபுண்டு 20.04-க்கே தரப்படும் 5.15 கெர்னலுக்கு மாற்றினேன். அதில் ஆர்8169 இந்தச் சிப்பை அறியும். இரண்டு டிரைவர்களும் ஒரே கார்டுக்குப் போட்டியிடக் கூடாதென்று, ஆர்8125-ஐ டிகேஎம்எஸ் பட்டியலிலிருந்து நீக்கினேன். பயன்படாத சாவியை நம்பிக்கைப் பட்டியலில் விட்டுவைப்பது முறையல்ல என்பதால், அதே நீலத் திரைக்குச் சென்று அதையும் அழித்தேன். இம்முறை ஸ்பேஸ் பாரைத் தட்டச் சொல்லி யாரும் கணக்குப் பெரியவருக்கு நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை.