உலைக் கசட குப்பையில கொட்டாதீங்க

காரைக்குடி பக்கம் பழைய செம்பு அண்டா, குடம், வயர்னு வாங்கி உருக்குற பட்டறைங்க வாசல்ல கருப்பா ஒரு குவியல் கெடக்கும். மூசையில, அதாவது உருக்குற பாத்திரத்துல, மேல மிதக்குற கசட வழிச்சு கொட்டுனது தான். எங்க பெரியப்பா மகன் பட்டறையில அதுல ஒரு கட்டிய சுத்தியலால ஒடச்சு காட்டுனேன், ஒடஞ்ச எடத்துல செக்கச்செவேல்னு மணி மணியா செம்பு. "ஏண்டா, இம்புட்டையுமா கொட்டிக்கிட்டு இருக்கேன்"னாரு. ஆமாண்ணே, இம்புட்டும் தான்.

கசட்டுல செம்பு ரெண்டு விதமா நிக்கும். ஒண்ணு, கீழ எறங்க நேரம் இல்லாம மாட்டிக்கிட்ட மணிங்க. இன்னொன்னு, ஆக்சிஜனோட சேந்து ஆக்சைடா மாறி கசட்டுக்குள்ளயே கரைஞ்சு போனது, ஒடச்ச கசடு பச்சையாவோ செங்கல் நெறத்துலயோ தெரிஞ்சா அனேகமா இது தான். இத என்ன இடிச்சாலும் கெடைக்காது, கரித்தூள் போட்டு திரும்ப உருக்கணும், கரி ஆக்சிஜன இழுத்துக்கும், செம்பு அடியில எறங்கும்.

மணியா இருக்குறத எடுக்குறது சுலபம். இடிச்சு சலிச்சா, மணி நசுங்கி தகடா சல்லடையில நின்னுரும், கசடு பொடிஞ்சு கீழ விழுந்துரும். மிச்சப் பொடிய தண்ணி விட்டு அரிசியில கல் அரிக்கிற மாதிரி அரிச்சா போதும், செம்பு தண்ணிய விட 9 மடங்கு கிட்ட கனம், கசடு 3, 4 மடங்கு தான், அதனால செம்பு அடியில தங்கிரும்.

ஆனா எல்லாத்துக்கும் முன்னாடி, சூட்டோட கசட தண்ணியில கொட்டாதீங்க. படார்னு வெடிச்சு மேல தெறிக்கும், அதோட சட்டுனு எறுகிப்போயி துளிங்க ஒண்ணு சேராமலே மாட்டிக்கும். பெரிய ஆலைங்கள்ல இதுக்குன்னே கசட மெதுவா ஆற விட்டு, மாவா அரைச்சு, காத்துக் குமிழி விட்டு செம்ப மேல மிதக்க வச்சு எடுக்குறாங்க. ஏன்னா இப்ப தோண்டுற பல சுரங்கத்துக் கல்லுலயே 1 சதவீதம் செம்பு இல்ல, கசட்டுல அத விட கூட இருக்கும்!

அமிலத்துல கரைச்சு கரண்ட் விட்டு தகட்டுல படிய வைக்கிற முறையும் இருக்கு, அழகப்பச் செட்டியார் எடம் குடுத்து 1953ல தொறந்த நம்ம ஊரு சிக்ரி ஆராய்ச்சி நிலையம் இந்த மின்வேதியியலுக்குன்னே உள்ளது தான். பட்டறையில மட்டும் நைட்ரிக் ஆசிட் பக்கமே போகாதீங்க, அந்த செம்பழுப்பு பொகை நுரையீரல கெடுத்துரும். இடிக்கிறப்ப மாஸ்க் கட்டாயம், பழைய பாத்திரத்துப் பத்தவைப்புல காரீயம் இருக்கும். அரிச்ச தண்ணிய தொட்டியில தெளிய விடுங்க, ஊருணிப் பக்கம் திருப்பி விட்றாதீங்க, கொஞ்சூண்டு செம்பு கலந்தாலே மீனு செத்துரும்.