முழங்கையில் ஒரு புள்ளி

என் பெயர் அட்டையில் 'வடிவமைப்பாளர்' என்று போட்டிருக்கிறேன். பினாங்கில் அந்தச் சொல்லுக்கு, 'வீட்டில் சும்மாதான் இருக்கிறான், மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிறான், கூப்பிட்டால் வருவான்' என்று பொருள்.

கல்யாணப் பத்திரிகை, தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலுக்குப் பேனர், வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு விலைப்பட்டியல், பிறந்தநாள் வீட்டில் பிள்ளைகள் முகத்தில் புலி, எல்லாம் செய்திருக்கிறேன். காசு குறைவாகக் கொடுப்பவர்களிடம்கூட எனக்குப் பயமில்லை. நான் பயப்படுவது 'அப்படியே' என்ற ஒரு சொல்லுக்குத்தான். பத்திரிகை வடிவமைக்கப் போன இடத்தில், "அப்படியே வாசல்ல ஒரு கோலம் போட்டுடுங்க தம்பி" என்பார்கள். கோலம் காய்வதற்குள், "அப்படியே அந்த சீரியல் லைட்டு எரியல, என்னன்னு பாருங்க" என்பார்கள். ஒரு கல்யாணத்தில் இப்படியே நகர்ந்து நகர்ந்து, முகூர்த்த நேரத்தில் நான் கேஸ் தோம்பு வாங்க மோட்டாரில் போய்க்கொண்டிருந்தேன்.

சோறும் கறியும் விற்கும் ஒரு நாசி கண்டார் கடைக்காரருக்கு வேறு ஆசை. 2012-இல் எர்னஸ்ட் சஹாரெவிச் என்ற லிதுவேனிய ஓவியர் ஆர்மேனியன் ஸ்திரீட் சுவரில் இரண்டு பிள்ளைகளை வரைந்து, அவர்களுக்கு நிஜ சைக்கிள் ஒன்றையும் கொடுத்துவிட்டுப் போனார். அதன் முன்னால் நின்று படம் எடுக்க இன்றைக்கும் கூட்டம் அலைமோதுகிறது. "அதே மாதிரி நம்ம கடைச் சுவத்துல ஒண்ணு" என்றார். 2008-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய ஊர், நினைத்த சுவரில் நினைத்ததை வரைய முடியாது, மாநகர் மன்ற அனுமதி வேண்டும் என்று விளக்கினேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்போ உள்ளாற வரை" என்றார். உள்ளே காலியாக இருந்தது கழிவறைச் சுவர் மட்டும்தான். வரைந்தேன். நல்ல ஓவியம். அதன் முன்னால் நின்று யாரும் படம் எடுத்ததாக இதுவரை தகவல் இல்லை.

சரி, சொல்ல வந்தது டீச்சர் கதை.

போன மாதம் ஒரு காலையில் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. "என்னடா, நாந்தான்" என்று குரல் வந்ததும் நாற்காலியிலிருந்து தானாக எழுந்துவிட்டேன். நான்காம் ஆண்டில் எனக்குத் தமிழ் எடுத்தவர். நெற்றியில் ஐந்து காசு நாணயம் அளவுக்கு ஒரு பொட்டு. அந்தப் பொட்டு நம் பக்கம் திரும்பினால் கேள்வி வரப்போகிறது என்று அர்த்தம். இங்கே பள்ளியில் மதிப்பெண்ணையும் புள்ளி என்றுதான் சொல்வோம். மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மறந்தால், ஒரு புள்ளிக்கு ஒரு புள்ளி வெட்டுவது டீச்சரின் சட்டம். ஒரு கட்டுரைக்கு இருபதுக்கு மூன்று வாங்கியிருக்கிறேன். கருத்து நன்றாக இருந்ததால் கிடைத்த மூன்று அது.

ஓய்வு பெற்றபின் கிரீன் லேன் பக்கம் டியூஷன் நடத்துகிறாராம். பிள்ளைகளை ஏற்றிவர செகண்ட் ஹேண்டில் ஒரு வெள்ளை வேன் வாங்கியிருக்கிறார். அதற்கு இரண்டு பக்கமும் எழுத்து வேண்டும். மேலே மலாயில் பெரிதாக, கீழே தமிழில் 'கல்வி நிலையம்', அதற்கும் கீழே 'தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல்'. கணிதத்தைப் பெரிதாகப் போட்டால் தமிழ் கோவித்துக்கொள்ளும் என்பதால் தமிழ் எழுத்தெல்லாம் ஒரே அளவு. 300 வெள்ளிக்கு ஒத்துக்கொண்டேன். "அப்படியே பின்னாடி கண்ணாடியில போன் நம்பர்" என்றார். டீச்சர் சொன்னால் அது 'அப்படியே' கணக்கில் வராது, வீட்டுப்பாடம்.

என் கணினியில் ஒழுங்காக நிற்கும் தமிழ், ஸ்டிக்கர் கடைக் கணினிக்குப் போனால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறிவிடும். அதனால் எழுத்தை எழுத்தாக அனுப்பாமல் கோட்டு வடிவமாக மாற்றி அனுப்பினேன். அனுபவஸ்தன் இல்லையா. அந்தப் பெருமை மறுநாள் வரைக்கும் இருந்தது.

மறுநாள் கடையில் தவுக்கே, அதாவது சீன முதலாளி, சிரித்த முகத்தோடு சுருளை எடுத்து விரித்தார். சிவப்பு எழுத்துகள் கண்ணைப் பறித்தன. ஆனால் என்னவோ மொட்டையாக இருந்தது. கிட்டே போய்ப் பார்த்தேன். 'தமிழ' என்று இருந்தது. 'ஆஙகிலம' என்று இருந்தது. ஒரு மெய்யெழுத்துக்கும் புள்ளி கிடையாது.

இந்த ஸ்டிக்கரை மெஷின் எழுத்தின் ஓரத்தில் மட்டும்தான் வெட்டும். சுற்றியிருக்கும் வேண்டாத தாளைக் கையால்தான் உரிக்க வேண்டும். தவுக்கே உரித்திருக்கிறார். எழுத்துக்கு மேலே அங்கங்கே குட்டிக்குட்டியாக ஏதோ தனியாக ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறார். மலாய் வரி முழுக்கப் பெரிய எழுத்து, அதில் எங்கேயும் புள்ளி கிடையாது. ஆகவே இவையும் வெட்டுத் துணுக்குதான் என்று முடிவு செய்து, இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துக் குப்பையில் போட்டிருக்கிறார். "கோத்தோர் லா, சாயா சுடா புவாங்" என்றார். அழுக்காக இருந்ததாம், சுத்தம் பண்ணிவிட்டாராம். அதற்குத் தனியாகக் காசு வேண்டாமாம்.

எனக்குத் தெரிந்த மலாயில் மெய்யெழுத்தை விளக்கப் பார்த்தேன். தலையை ஆட்டினார், முகத்தில் ஒன்றும் ஏறவில்லை. கடைசியில் ஒரு தாளில், எனக்குத் தெரிந்த நான்கைந்து சீன எழுத்துகளில் 'பெரிய' என்பதை எழுதினேன். அதன் கால்களுக்கு நடுவில் ஒரு புள்ளி வைத்தால் 'மிக' என்றாகிவிடும். அதே புள்ளியைத் தூக்கி வலது தோள்பக்கம் வைத்தால் 'நாய்'. தவுக்கே தாளைப் பார்த்தார், ஸ்டிக்கரைப் பார்த்தார், "ஐயா!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். அடுத்த நிமிடம் குப்பைத் தொட்டியைக் கவிழ்த்து இருவரும் குனிந்து தேடினோம். கிடைத்த புள்ளிகளெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி ஒரு சிவப்பு உருண்டையாக இருந்தன.

மறுபடி வெட்டலாம் என்றால் மெஷினில் வேறு வேலை ஓடுகிறது, நாளைக்குத்தான். எனக்கோ விடிந்தால் டீச்சர். மிச்சச் சிவப்புத் தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஒரு பக்கத்துக்கு ஏழு புள்ளி, இரண்டு பக்கத்துக்குப் பதினான்கு. ஐந்து காசு நாணயத்தை வைத்துச் சுற்றிக் கோடு போட்டு, நகம் வெட்டும் கத்தரியால், நாக்கை லேசாக வெளியே நீட்டிக்கொண்டு, பதினான்கையும் வெட்டி முடிக்கும்போது இரவு பன்னிரண்டரை.

மறுநாள் டீச்சர் வீட்டு வாசல். வேனில் சோப்புத் தண்ணீர் தெளித்து, எழுத்தை வைத்து, காலாவதியான டச் அண்ட் கோ டோல் கார்டால் தேய்த்துத் தேய்த்துக் குமிழை வெளியேற்றினேன். எழுத்தெல்லாம் உட்கார்ந்தபின் புள்ளிகள். ஒரு கையில் துணி, ஒரு கையில் கார்டு. அதனால் பதினான்கு புள்ளிகளையும் தாளிலிருந்து உரித்து என் இடது கையில் வரிசையாக ஒட்டிக்கொண்டேன். பார்த்தவர்கள் அம்மை என்று நினைத்திருப்பார்கள். ஒவ்வொன்றாகக் கையிலிருந்து வேனுக்கு மாற்றிக்கொண்டே வந்தேன். வேன் ஓட்டும் அண்ணன் ஹாரன் அடித்தார். "தம்பி, மணி பன்னெண்டே கால் ஆச்சு, ஸ்கூல் விட்டுடும்." அவசர அவசரமாக முடித்து, இரண்டு பக்கமும் படம் எடுத்து, 'இன்றைய வேலை' என்று பேஸ்புக்கில் போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

மார்க்கெட் ஸ்திரீட்டில் ஒரு கடைக்கு விலைப்பட்டியல் கொடுக்க வேண்டியிருந்தது. கொடுத்துவிட்டு, பக்கத்து டீக்கடையில் அஞ்சடியில், அதாவது கடை முன் நடைபாதையில், போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்து தே தாரிக் சொன்னேன். எதிரில் ஒரு பெரியவர் நாளிதழ் படித்துக்கொண்டிருந்தார். தாளைக் கீழே இறக்கி என்னைப் பார்த்தார்.

"என்ன தம்பி, முழங்கையில பொட்டு வச்சிருக்கீங்க?"

இடது முழங்கையைத் திருப்பிப் பார்த்தேன். சிவப்பாக, வட்டமாக, ஐந்து காசு அளவில் பதினான்காவது புள்ளி.

எந்த எழுத்துடையது? போனை எடுத்தேன். பேஸ்புக்கில் அறுபது லைக். கிள்ளானில் இருக்கும் ஒரு நண்பன், "அண்ணே, ரெண்டாவது படத்த ஒரு தடவ சத்தமா வாசிங்க" என்று எழுதியிருந்தான். வாசித்தேன். நல்லவேளை, சத்தமாக வாசிக்கவில்லை. 'தமிழ்' சரியாக இருந்தது. 'ஆங்கிலம்' சரி. 'கணிதம்', 'அறிவியல்' சரி. இருக்கிற ஏழில் போயே தீரவேண்டும் என்று ஒரு புள்ளி இருந்தால் அது எது என்று என்னிடம் முன்கூட்டியே கேட்டிருந்தால், 'கல்வி'யைத் தவிர வேறு எதை வேண்டுமானாலும் கொடுத்திருப்பேன். 'கலவி நிலையம்' என்று இருந்தது. அந்தச் சொல்லின் பொருள் தெரியாதவர்கள் அகராதியைப் பார்க்கவும், வீட்டுப் பெரியவர்களிடம் கேட்க வேண்டாம்.

என் முகம் போன போக்கைப் பார்த்துப் பெரியவர் போனை வாங்கிப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கி இரண்டு தடவை படித்தார். சிரிக்கவில்லை, அதற்காக அவருக்கு நன்றி. "பழைய ஓலையில புள்ளியே வைக்க மாட்டாங்க தம்பி. குத்துனா ஓலை கிழிஞ்சிடும். படிக்கிறவன் இடம் பாத்துப் புரிஞ்சிக்குவான்."

"ஐயா, இது ஓலை இல்ல. வேனு."

புள்ளியை முழங்கையை விட்டு எடுக்கவில்லை. எடுத்தால் பசை போய்விடும். அப்படியே மோட்டாரில் ஏறினேன். என் கப்சாய், அந்தச் சின்ன மோட்டாருக்கு, இடது கையால் பிடிக்கும் கிளட்ச் கிடையாது என்பதை நினைத்து அன்றைக்குத்தான் மனதாரச் சந்தோஷப்பட்டேன், ஏனென்றால் டத்தோ கிராமாட் சாலையில் தூறல் ஆரம்பித்தது. இடது கையை மடக்கிச் சட்டைக்குள் விட்டுக்கொண்டேன். சிறைச்சாலைப் பக்கம் வழக்கம்போல ஜாம். பக்கத்தில் நின்ற காடியிலிருந்து ஒரு சின்னப் பையன் என் காலிச் சட்டைக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அம்மா அவன் முகத்தை மறுபக்கம் திருப்பி, ஏதோ மெதுவாகச் சொன்னார். பாவம், கை இல்லாத மனிதர் என்று சொல்லியிருப்பார். வேறொரு நாளாக இருந்தால் கையை வெளியே எடுத்துக் காட்டியிருப்பேன்.

ஆயர் ஈத்தாம் போய்ச் சேரும்போது தூறல் விட்டிருந்தது. பள்ளிக்கு வெளியே சாலையோரமாக வேன் நின்றது. சரியாக ஒட்டிய இடப்பக்கம் வேலியைப் பார்த்து நின்றது. வலப்பக்கம் ஊரைப் பார்த்து நின்றது. அதன் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு டீச்சர். முதல் நாள் என்பதால் தானும் வேனில் வந்திருக்கிறார்.

பக்கத்தில் போனேன். டீச்சர் முகத்தில் ஏதோ வித்தியாசம். என்னவென்று பிடிபட ஒரு நொடி ஆனது. நெற்றி காலியாக இருந்தது. இத்தனை வருடத்தில் அந்த நெற்றியை நான் காலியாகப் பார்த்ததே இல்லை. மெதுவாக வேன் பக்கம் கண்ணைத் திருப்பினேன். 'கல்வி நிலையம்' என்று ஒழுங்காக இருந்தது. மற்ற புள்ளிகளெல்லாம் மிளகாய்ப் பழச் சிவப்பு. 'ல'வுக்கு மேலே இருந்தது மட்டும் அரக்குச் சிவப்பு, அளவும் கொஞ்சம் சின்னது.

வேன் அண்ணன் அப்புறம் தனியாகச் சொன்னார். மூன்றாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று வேனில் ஏறும்போது ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்திருக்கிறது. "டீச்சர், கலவின்னா என்ன டீச்சர்?" அங்கே பத்துப் பதினைந்து பெற்றோர்கள் நின்றிருந்தார்களாம். டீச்சர் கண்ணைக்கூட இமைக்கவில்லையாம். "புள்ளி வைக்க மறந்த கல்விம்மா" என்று சொல்லி, நெற்றிப் பொட்டை எடுத்து ஒரு அழுத்து அழுத்தியிருக்கிறார்.

நான் ஒன்றும் பேசாமல் முழங்கையை நீட்டினேன். டீச்சர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பதினாலுக்குப் பதிமூணு."

"ஆமா டீச்சர்."

"ம். ஒட்டு."

பொட்டைப் பதமாக உரித்தெடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, என் புள்ளியை ஒட்டிக் கார்டால் தேய்த்தேன். டீச்சர் பொட்டை நெற்றியில் வைத்துப் பார்த்தார். நிற்கவில்லை, வேன் தூசியில் பசை போய்விட்டது. "போய் ஒரு பொட்டு அட்டை வாங்கிட்டு நேரா வீட்டுக்கு வா" என்றார். தலையை ஆட்டிவிட்டு மோட்டாரைத் திருப்பினேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

"அப்படியே, வகுப்புல ஃபேன் ஒண்ணு கிரீச் கிரீச்னு சத்தம் போடுது. என்னன்னு பாரு."

சாயங்காலம் டீச்சர் கொடுத்த உறையில் 299 வெள்ளி இருந்தது. பொட்டு அட்டைக்கு நான் போட்ட இரண்டு வெள்ளியைக் கேட்கத் தைரியம் வரவில்லை. ஃபேன் இப்போது சத்தம் போடுவதில்லை. சுற்றுவதும் இல்லை. வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.