ஸ்க்ரோல் அனிமேஷன்: வைவாவுக்குப் போகும் முன்

கீழே தள்ளத் தள்ளப் படங்கள் எழும்பி வராத வெப் ப்ராஜெக்ட்டை இப்போது பார்ப்பதே அபூர்வம். அதனால் வைவாவில் (ப்ராஜெக்ட் பற்றிய வாய்மொழித் தேர்வில்) அதைக் கண்டு யாரும் வியக்கப் போவதில்லை. எப்படி ஓடுகிறது என்றுதான் கேட்பார்கள்.

என் ப்ராஜெக்ட்டுக்கு நான் எடுத்த தலைப்பு ராயபுரம் ரயில் நிலையம். 1856இல் திறந்தது. தண்டையார்பேட்டைக்காரனுக்குப் படம் எடுக்க அலைய வேண்டியதில்லை, அது ஒரு வசதி. தேர்வாளர் நேராகக் கேட்டார்: "ஸ்க்ரோல் ஈவன்ட் போதுமே, இன்டர்செக்‌ஷன் அப்சர்வர் எதுக்கு?"

ஸ்க்ரோல் ஈவன்ட், அதாவது பக்கம் நகர்ந்தது என்று பிரவுசர் தரும் தகவல், விரல் நகர நகர ஓயாமல் வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு தடவையும் உறுப்பு (படம், பத்தி போன்ற பக்கத்தின் ஒரு துண்டு) எங்கே நிற்கிறது என்று நாம் அளந்தால், பிரவுசர் பக்க அமைப்பைத் திரும்பக் கணக்குப் போட வேண்டி வரலாம். நொடிக்கு 60 ஃப்ரேம் என்றால் ஒரு ஃப்ரேமுக்குக் கிடைப்பது 16 மில்லி செகண்டுக்குச் சற்று மேல். விலை குறைந்த போன் அங்கே திணறும். அப்சர்வரில் அளக்கும் வேலை பிரவுசருடையது; உறுப்பு திரைக்குள் வந்ததும் நமக்குச் சொல்லும். இதைச் சொன்னால் பாதி வைவா முடிந்தது.

மீதிப் பாதி த்ரெஷோல்டு, அதாவது உறுப்பு எவ்வளவு தெரிந்ததும் அப்சர்வர் சொல்ல வேண்டும் என்ற அளவு. பலரும் 0.5 என்று போட்டுவிட்டு லேப்டாப்பில் மட்டும் பார்ப்பார்கள். அந்த எண் உறுப்பின் பரப்பில் எவ்வளவு தெரிகிறது என்பதைக் குறிக்கிறது, திரையில் பாதி என்று அர்த்தமில்லை. போனில் ஒரு பகுதி திரையைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் நீண்டுவிட்டால் பாதி ஒருபோதும் தெரியாது, அனிமேஷனும் வராது. நீளமான பகுதிக்கு 0 வைத்து, ரூட் மார்ஜினில் (அப்சர்வர் பார்க்கும் எல்லையைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பில்) கீழ்ப்பக்கம் மைனஸ் 10% கொடுங்கள்.

அப்புறம், கவனிக்கத் தொடங்கியதுமே கால்பேக் (அப்சர்வர் அழைக்கும் நம் ஃபங்ஷன்) ஒருமுறை ஓடும், உறுப்பு திரையில் இல்லாவிட்டாலும். 'இஸ்இன்டர்செக்டிங்' (உறுப்பு திரைக்குள் இருக்கிறதா என்ற விடை) பார்த்த பிறகே அனிமேஷனைத் தொடங்கும் சிஎஸ்எஸ் கிளாஸைச் சேருங்கள். ஒருமுறை காட்டினால் போதும் என்றால் உடனே அன்அப்சர்வ், அதாவது கவனிப்பதை நிறுத்திவிடுங்கள். அசைப்பது ட்ரான்ஸ்ஃபார்ம் (நகர்த்துவது, பெரிதாக்குவது), ஒப்பாசிட்டி (மங்கலாக்குவது) இரண்டோடு நிற்கட்டும். உயரம், மார்ஜின் வேண்டாம். மேலே தூக்குவதானால் உறையாக இருக்கும் வெளி டிவ்வை (பெட்டியை) அப்சர்வரில் கவனியுங்கள், நகரும் உறுப்பையே கவனித்தால் கணக்கு குழம்பும்.

மறைத்து வைக்கும் சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் ஓடினால் மட்டுமே வேலை செய்யும்படி எழுதுங்கள். இல்லையென்றால் ஸ்கிரிப்ட் பழுதானால் பக்கம் வெறுமைதான். போனில் அசைவைக் குறைத்து வைத்திருப்பவர்களுக்கு 'ப்ரிஃபர்ஸ் ரெட்யூஸ்டு மோஷன்' என்ற சிஎஸ்எஸ் நிபந்தனை போட்டு எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள். சிலருக்கு அந்த அசைவில் தலை சுற்றும்.

ஜிசாப் போன்ற ஆயத்த அனிமேஷன் லைப்ரரி? வேலைக்குச் சேர்ந்த பிறகு தாராளமாக.